வாத்தியார் ஓட்டிய வண்டி

பழைய பைக் விற்கும் கடையில் எந்த வண்டியும் கீழே விழுந்ததே கிடையாது. எல்லா வண்டியையும் ஏதோ ஒரு வாத்தியார், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும், முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டியிருப்பார். அப்படி ஒரு கடையில், வண்ணார்பேட்டையில், நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். பெயர் மாற்றும் படிவங்களை நிரப்புவது, வண்டிகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் திரும்பி முதலாளியைப் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எனக்குப் பேச வராது என்பதற்காகவே அவர் என்னை வேலைக்கு வைத்தார் என்று நினைக்கிறேன்.

பழைய வண்டி வாங்கி, ஒரே மாதத்தில் மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகிப்போன என் இனத்தவர்களே, இது உங்களுக்காக.

வாத்தியார்களின் ஊர்

ஸ்டேட்டஸ் வாசகங்களை நான்தான் எழுதுவேன். 'சிங்கிள் ஓனர். கீறல் இல்லை. வாத்தியார் ஓட்டிய வண்டி. நேரில் வந்து பார்க்கவும்.' முதல் மாதம் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. பிறகு வண்டிகளே என்னிடம் உண்மையைச் சொல்லத் தொடங்கின. ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் புதிதாக மினுங்கும். டேங்கில் சாமி படம் சம்பந்தமில்லாத இடத்தில் ஒட்டியிருக்கும். தடவிப் பார்த்தால் அடியில் ஒடுக்கு இருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் ஒரு பக்கம் மட்டும் டேங்கில் இடிக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

களக்காட்டு வாழை வியாபாரி ஒருவர் ஒருநாள் வரிசையாக ஆறு வண்டி பார்த்தார். ஆறும் வாத்தியார் வண்டி என்றார் அண்ணாச்சி. வியாபாரி மெதுவாக என் மேசைக்கு வந்து, குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர் வாத்தியாருவ எல்லாம் வண்டிய வித்துப்புட்டு எதுல பள்ளிக்கூடம் போறாவ?"

எட்டு நொடி

எனக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. தினமும் முக்கூடல் வழியாகப் பேருந்தில் வருவேன். முக்கூடலைத் தாண்டியதும் ஒரு வளைவில், மருத மரங்களுக்கு நடுவே ஆறு தெரியும். எட்டு நொடி, எண்ணியிருக்கிறேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எட்டு. நின்றுகொண்டு வந்தால், யாரோ ஒருவரின் அக்குளுக்கும் இன்னொருவரின் கூடைக்கும் இடையில் மூன்று. படித்துறையில் ஒரு பெண் துணி துவைக்கக் கையை ஓங்கியிருப்பாள். அந்தத் துணி கல்லில் விழுவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அங்கே நிறுத்தம் கிடையாது. இருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன், 'இறங்கணும்' என்று சொல்ல வேண்டுமே. ஒருநாள் கூட்டத்தில் குரல் எழும்பாமல், வண்ணார்பேட்டையையே தாண்டிப் பாளையங்கோட்டை மார்க்கெட் வரை போய்விட்டேன். நினைத்த இடத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிற மாதிரி எனக்கென்று ஒரு பைக் வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஆசை வந்தது. கடை வண்டிகளைக் காலையில் வெளியே எடுத்து வரிசையாக நிறுத்துகிறவள் ஆனதால், கிளட்ச்சும் கியரும் எனக்கு ஏற்கெனவே பழக்கம். அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது கண்டக்டர் கத்திய கத்தல்: "எறங்கணும்னா சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

குட்டை வாத்தியார்

ஆனி மாதத்தில் ஒரு புரோக்கர் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நூற்றைம்பது சிசி, அடர் சிவப்பு. சீட்டுக்குள் ஸ்பாஞ்சை வெட்டித் தாழ்த்தி, மேலுறையை அழகாகத் தைத்திருந்தார்கள். கிளட்ச்சும் பிரேக்கும் சிறிய கைக்கு எட்டும்படி உள்வாங்கி இருந்தன. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட்டன. கடையில் மற்ற எந்த வண்டியில் ஏறினாலும் எனக்கு நுனிக்கால்தான் எட்டும். என் உயரத்துக்காரர் யாரோ, இத்தனை வருடம் ஓட்டிப் பதமாக்கி, 'இந்தா' என்று எனக்கு அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

ஸ்டேட்டஸ் எழுதினேன். எழுதியதைப் படித்தேன். படித்ததை நம்பினேன். நான்கு வருடமாக அடுத்தவர் வண்டியில் எல்லாம் ஒடுக்கு கண்டுபிடித்தவள், இந்த ஒரு வண்டியின் ஹேண்டிலைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ஸ்டேட்டஸைப் போடாமலே அண்ணாச்சியிடம் போய், "இது எனக்கு" என்றேன். அவர் சீட்டை இரண்டு தட்டுத் தட்டினார். "எடுத்துக்கோ பிள்ள. குட்ட வாத்தியாரு ஓட்டுன வண்டி. குட்ட ஆளு வேகமாப் போவ மாட்டான்."

நூல்

அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. வண்டி இடது பக்கம் இழுத்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ரோட்டை விட்டு ஓரத்து மண்ணுக்குப் போகப் பார்க்கும். வீட்டுக்குப் போகும் திசையில் ஆறும் இடது பக்கம்தான். அந்த வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஹேண்டிலை வலப்பக்கம் திருகிப் பிடித்தபடி, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல் கடந்தேன். பேருந்தில் எட்டு நொடி கிடைத்த ஆறு, சொந்த வண்டியில் ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை.

கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவர் மைதீன் பாய், மேலப்பாளையத்துக்காரர். அதிகம் பேசாதவர் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகும். அவர் ஒரு நூலை எடுத்துப் பின் சக்கரத்தில் சுற்றி, முன் சக்கரம் வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். நூல் முன் டயரைத் தொட வேண்டும். ஒரு விரல் தள்ளி நின்றது. நேர்கோடு பற்றி மூன்று வருடம் படித்தவள், குனிந்து அந்த இடைவெளியில் என் விரலை வைத்து அளந்து பார்த்தேன்.

முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் வளைந்திருக்கும் என்று அதை மாற்றினார். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கோன் செட்டை மாற்றினார். மறுபடியும் நூலைப் பிடித்தோம். அதே ஒரு விரல். பாய் நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முன்னால எல்லாம் புதுசு தங்கச்சி. இன்னும் எங்கன வளைஞ்சி கெடக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அதுக்கடுத்து, விழுந்த ஆளுக்குத் தெரியும்."

வாய் திறந்த நாள்

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. "திருப்பிக் குடுத்துரு பிள்ள, வேற ஒண்ணு எடுத்துக்கோ. இதுக்கு ஒரு ஸ்டேட்டஸ் மட்டும் எழுதிரு" என்றார். மத்தியானம் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'சிங்கிள் ஓனர்' வரை வந்தது. அதற்கு மேல் விரல் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. என்னைவிடவும் ஓர் அங்குலம் குட்டை. வரிசையில் இருந்த எல்லா வண்டிகளையும் தாண்டிப் போய், நேராக அந்தச் சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பட்டதும் அவள் முகம் மாறியது. அது என்ன மாற்றம் என்று அந்தக் கடையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். "அப்பா, இது" என்றாள்.

"வாத்தியார் ஓட்டுன…" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "அது இழுக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "எடது பக்கம் இழுக்கும். விழுந்த வண்டி. இன்னும் சரியாகல." அப்பா மகளைக் கையைப் பிடித்து இறக்கினார். வாசல் தாண்டும்வரை அவள் அந்த வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நல்லதுதான் செய்தேன், ஆனாலும் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்: "நாலு வருசமா ஒரு வார்த்த பேசல. தொறந்த வாயி மொத வார்த்தையே யாவாரத்துல மண்ணப் போடவா பிள்ள?"

தவமணி சார்

இனி வண்டி எனக்குத்தான். அதைச் சரியாக்க வேண்டும் என்றால், விழுந்தவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆர்.சி.யில் தவமணி என்ற பெயரும் பாளையங்கோட்டை முகவரியும் இருந்தன. ஞாயிறுகளில் எங்கள் கடை மத்தியானத்தோடு அடைப்பு. மூன்று ஞாயிறு அந்தத் தெருமுனை வரை போய், 'சார், எப்படி விழுந்தீங்க?' என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான்காம் ஞாயிறு அந்த வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். கேட்டருகே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கம்பை ஊன்றி வண்டியருகே வந்தார். என் உயரம். சீட்டின் தையலை விரலால் தடவினார்.

"தவமணி சாரப் பாக்கணும்" என்றேன். "சார் இல்ல, டீச்சர். நாந்தான்" என்றார். முக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏழு வருடம் இதே வண்டியில் போய்வந்தவர். அண்ணாச்சி சொன்ன அத்தனை பொய்களிலும் உண்மையாகிப்போன ஒன்றே ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது.

காப்பி கொடுத்தார். நான் கேட்காமலே, "எடது பக்கம் இழுக்கா?" என்றார். முக்கூடலுக்கு முந்திய அந்த வளைவில்தான் விழுந்திருக்கிறார். வண்டி சறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பின் சக்கரம் போய் அங்கிருக்கும் சின்னப் பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறது. முழங்காலுக்குள் தகடு வைத்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மகன் வண்டியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டான். "நாய் குறுக்க வந்துட்டா டீச்சர்?" என்று கேட்டேன், எங்கள் தொழிலில் எல்லா விபத்துக்கும் ஒரு நாய் உண்டு. அவர் உள்ளறைப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்: "எல்லார்ட்டயும் நாய்னுதான் சொல்லிருக்கேன். நாயுமில்ல, நரியுமில்ல. ஆத்தப் பாத்தேன்."

பின் சீட்டு

பின் சக்கரம் மோதியது என்றதும் பாய் தலையில் கைவைத்தார். விழுந்த வண்டி என்றால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்போம். அவர் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கழற்றி, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்தார். கோணல் கால் மேசைபோல் அது ஆடியது. புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறொன்று மாட்டி, நூலைப் பிடித்தார். நூல் முன் டயரைத் தொட்டது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "செயின் கொஞ்சம் லூசு" என்றார். "வாங்க டீச்சர், ஆறு வரைக்கும் போயிட்டு வருவோம். பின்னால உக்காருங்க" என்றேன். என் வாழ்க்கையில் நானாக ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பின் சீட்டைப் பார்க்கவே இல்லை. தான் வெட்டித் தைத்த முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, பின்னால உக்காந்து பாக்கதுக்கு பஸ்ஸு போதாதா? நீ போ. நிறுத்திட்டுப் பாரு."

நிறுத்தம்

நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை, மணி அடிக்கவில்லை, விசில் ஊதவில்லை. மருத மர நிழலில் ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். படித்துறையில் ஒரு பெண் துணியை ஓங்கினாள். துணி கல்லில் விழுந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீச்சர் இதைக் கேட்டிருப்பாரா, அல்லது அவரும் ஓட்டத்திலேயே பார்த்துக்கொண்டு போனவர்தானா என்று யோசித்தேன்.

யோசித்து முடிப்பதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. "பெட்ரோல் இல்லையாம்மா?" அடுத்து ஒரு லோடு ஆட்டோ. "பிளக்கக் கழத்திப் பாக்கட்டா?" ரோட்டோரம் பைக்கோடு நிற்கும் பெண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போக எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனசு வராது. என் பேருந்துகூட வந்தது. அதே கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கத்திக்கொண்டே போனார். ஜன்னலில் ஒரு பெண்பிள்ளை, என்னைத் தாண்டி ஆற்றைப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். மறைக்கக் கூடாதென்று சட்டென்று விலகி நின்றேன்.

கடைசியாக, மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெரியவர் நின்றார். அவர் போகவே இல்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்: "வண்டிக்கு ஒண்ணுமில்ல தாத்தா. ஆத்தப் பாக்கேன்." அவர் ஆற்றைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆத்தப் பாக்கதுக்கா நிக்க? அது இங்கனயேதான கெடக்கு, எங்க போவுது!"

பேருந்தில் எட்டு நொடி கிடைத்த ஆறு இப்போது எனக்கு ஞாயிறுதோறும் பத்து நிமிடம் கிடைக்கிறது. அதில் ஒன்பது நிமிடம், வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதிலேயே போய்விடுகிறது.