அலமாரிக்குள் பொங்கிய பீர்

பீர் ஜாடி நான் விரும்பியவருடையது; வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். ஐந்து கேலன் பிடிக்கும் கண்ணாடி ஜாடி. சென்னையிலிருந்து வரும் அவருடைய அப்பாவும் அம்மாவும் அவருடன்தான் தங்கப்போகிறார்கள் என்பதால், அதை டாக்ஸியில் ஏற்றி, மான்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த என் ஒற்றை அறைக்குக் கொண்டுவந்தார். ஈஸ்ட் போட்டு ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

"அம்மா பார்த்தா அவ்வளவுதான். ஒரு வாரம் வச்சுக்கோ."

"கழுத்து வரைக்கும் ரொப்பியிருக்கீங்களே. இட்லி மாவைக்கூட யாரும் இப்படி வைக்க மாட்டாங்க."

"ஆரம்பிச்சுட்டாங்க புரொபசரம்மா!"

நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததே இல்லை. முதல் மூன்று நாள் ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல வேலை செய்யும். நுரை மேலே ஏற இடமில்லாவிட்டால் அடைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பரிசோதனைக்கூடத்திலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய் கொண்டுவந்து, ஒரு முனையை ஜாடியின் வாயில் இறுக்கமாகச் செருகி, மறு முனையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டேன். நுரை குழாய் வழியாக வாளிக்குள் இறங்கியது. ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தன் அப்பா அம்மாவோடு என்னைப் பெண்பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் தை மாதம் கல்யாணம். ஜாடியைத் துணி அலமாரிக்குள் தள்ளினேன். வாளிக்கு உள்ளே இடமில்லை. குழாயை எடுத்துவிட்டு, அவர் கொடுத்திருந்த சின்ன வளைகுழாயையே ரப்பர் மூடியோடு மாட்டினேன். வாயு மட்டும் போக வழியுண்டு, நுரைக்கு இல்லை. எனக்கு அது தெரியும். இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

அவருடைய அம்மா காபியைக் குடித்துக்கொண்டே, "தனியா இவ்வளவு தூரம் வந்து படிக்கிறியே, தைரியம்தான்" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது.

அப்போதுதான் அலமாரிக்குள் 'டப்' என்று மூடி தெறித்தது. கதவின் அடியிலிருந்து பழுப்பு நுரை பொங்கி வந்தது. அவர் அம்மாவே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"என்னம்மா இது? சாராயமா?"

அவரைப் பார்த்தேன். ஜாடி தன்னுடையது என்று அவரே சொல்லட்டும், நான் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இவ அப்பா கள் இறக்கறவர்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. "இவளுக்கு இதெல்லாம் பழக்கம்."

அப்பா பனையேறி என்பதை மான்ட்ரியாலில் அவர் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மலைப் பூங்காவில், பனியில் நடந்துகொண்டிருந்தபோது. அன்று என் கையுறையைக் கழற்றிக் கையைப் பிடித்துக்கொண்டு, "அதனால என்ன?" என்று கேட்டவர் அவர்.

யாரும் சத்தம் போடவில்லை. அவருடைய அப்பா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுரையைத் தாண்டிப் போனார். "படிச்ச பொண்ணுன்னு சொன்னியேடா" என்பது படிக்கட்டிலிருந்து கேட்டது.

இருந்த துண்டுகளையெல்லாம் போட்டுத் துடைத்தேன். வளைகுழாயில், கசப்புக்காகப் பீரில் போட்டிருந்த இலைத்துணுக்குகள் அடைத்திருந்தன. அழுதுகொண்டே ரப்பர் குழாயை மறுபடி மாட்டினேன். இல்லாவிட்டால் இன்னும் பொங்கும்.

இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார். "அந்த நேரத்துல வாயில வேற எதுவும் வரலை. அம்மா ஊருக்குப் போகட்டும், மெல்லப் பேசிக்கலாம்."

"எங்க அப்பாதான் வாயில வந்தாரா?" என்றேன். "வந்து உங்க ஜாடியை எடுத்துட்டுப் போங்க."

வந்தார். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களை ஊர் வாத்தியார்தான் வாசித்துக் காட்டுவார்; பதிலும் அவர்தான் எழுதித் தருவார். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களா என்று போன கடிதத்தில் அப்பா கேட்டிருந்தார். நாலைந்து தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர்களுக்குச் சென்னையிலேயே பெண் அமைந்துவிட்டதாம் என்று எழுதினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. வாத்தியாரின் கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி: "நம்ம தொழிலைச் சொன்னியா தாயி, அதனாலயா?"

அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.