கோடு போட்ட தட்டு

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை ஓரவஞ்சனைக்காரி என்று சொல்ல வேண்டாம்.

அவருக்கு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. நானும் அங்கேதான் பேக்கிங்கில் இருக்கிறேன். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 'வாய்' என்றால் கேட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, உப்பும் இனிப்பும் சரியா என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்பிவிட வேண்டும். வாளி எப்போதும் காய்ந்தே கிடக்கும். மனுஷர் விழுங்கிவிடுவார்.

விழுங்கி விழுங்கிப் போன வருஷம் சர்க்கரை ஏறியது. ஆஸ்பத்திரியில் ஒரு படம் கொடுத்தார்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ. நல்ல படம்தான், நான் குறை சொல்லவில்லை. இவர் என்ன செய்தார்? வீட்டுத் தட்டுகளையெல்லாம் கம்பெனிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், படத்தில் இருந்தபடியே கோடு வெட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு என்ன அளவோ அதுதான் அக்காவுக்கும். கோட்டைத் தாண்டி ஒரு பருக்கை விழக்கூடாது. மறுசோறு கேட்டால், "நாக்கைக் கட்டத் தெரியாதா உனக்கு?" என்பார். நாக்கை வைத்துச் சம்பாதிக்கிற மனுஷர் பேசுகிற பேச்சு இது.

எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அக்கா அப்போது பிள்ளை பெற்று மூன்றாவது மாதம். குழந்தை பால் குடித்து முடித்ததும் மறுபடி அழும். அக்காவுக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "பசிக்குதாக்கா?" என்று கேட்டால், "தட்டு காலியாயிடுச்சே" என்பாள்.

தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். எடை ஏறவே இல்லை. நர்ஸ் குழந்தையை விட்டுவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா கோட்டுத் தட்டைப் பற்றிச் சொன்னாள்.

"யாரு குடுத்த அளவு இது?"

"அவருக்கு டாக்டர் குடுத்தது. சர்க்கரைக்கு."

"அவரா பால் குடுக்கிறார்?" என்றார் நர்ஸ். "பால் குடுக்கிறவங்களுக்குப் பசி அதிகமாத்தான் இருக்கும். காய், பருப்பு, முட்டை எல்லாமே கூடுதலா வேணும். வயிறு நிறையச் சாப்பிடுங்க. அடுத்த வாரம் மறுபடி எடை பார்க்கணும்."

திரும்பி வரும் வழியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. காய்ந்த வாளியைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

"சர்க்கரைன்னு தெரிஞ்ச பிறகுமா?" என்றாள்.

"நேத்துக்கூட" என்றேன்.

சாயங்காலம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நர்ஸ் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"படத்துல அப்படி ஒண்ணும் போடலையே" என்றார்.

"அந்தப் படம் உங்களுக்கு, மாமா."

"ஆரோக்கியம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீ உன் வேலையைப் பாரு."

அந்தத் தட்டைத் தூக்கி வீச வேண்டும் போல இருந்தது எனக்கு. அக்கா அவர் தட்டில் கோடு தாண்டாமல் பரிமாறினாள். தன் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு சோற்றுப் பானையை இறக்கி, பருப்பை அதிலேயே கொட்டி, இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டபடி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பானையிலிருந்தே சாப்பிட ஆரம்பித்தாள்.

"என்ன இது? தட்டு எங்க?"

"பத்தல."

"அளவு மீறுது."

அக்கா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். "நான் ரெண்டு பேருக்குச் சாப்பிடுறேன். நீங்க ரெண்டு இடத்துல சாப்பிடுறீங்க. இதுல யாருங்க அளவு மீறுறது?"

அவர் திரும்பி என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அக்கா பானையின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். அவர் தன் தட்டிலிருந்த கேரட்டை எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். வெகு நேரம் மென்றார். அங்கே துப்புவதற்கு வாளி இல்லை.