முதல் வீடு எந்தப் பக்கம்?

என் அக்கா மனோரஞ்சிதத்துக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் இருந்தது. ஒன்று, அவளுடைய பின்னலின் நீளம். மற்றது, பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரம்பைத் தொடாமலே எண் கற்றுக்கொடுத்துவிடுவாள் என்பது. பின்னல் வயதோடு போயிற்று. அது எல்லோருக்கும் போவதுதான். மற்றக் கர்வம் போன கதையைத்தான் இங்கே சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. வாயாடிப் பாக்கியம் என்று பேரெடுத்த நானும் இத்தனை வருஷம் சொல்லவில்லை.

எங்கள் அப்பா ஜேசுதாசன் யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். படித்த பெண்கள் வீட்டில் சும்மா குந்தியிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் அக்கா பாலர் வகுப்பும் நான் தையல் வகுப்பும் எடுத்தோம். 1912ஆம் வருஷம் அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபது. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே ஒரு பிள்ளை தும்மினால் என் வகுப்பில் ஊசி தவறும்.

அக்காவின் பாடம் ஒரு விளையாட்டு. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு கீறுவாள். முதல் வீடு பத்துகளின் வீடு, அடுத்த வீடு ஒன்றுகளின் வீடு. குடியிருப்பவர்கள் தென்னை ஈர்க்குகள். ஒன்றுகளின் வீட்டில் ஒன்பது பேர்தான் இருக்கலாம். பத்தாவது ஆள் வந்துவிட்டால் பத்துப் பேரையும் நூலால் கட்டி, கூச்சல் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்குக் குடிவைக்க வேண்டும். மூன்று கட்டும் ஆறு உதிரியும் இருந்தால் முப்பத்தாறு. எட்டுக் கட்டு மட்டும் இருந்தால் அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம், அதற்குச் சுழியம் போட வேண்டும். தொண்ணூறு என்ற பேரில் நூறு ஏன் வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, "அவன் நூறாகாமலே நூறெண்டு பேர் வைச்சுக்கொண்ட பெருமைக்காரன்" என்றாள். அதன்பின் பிள்ளைகள் தொண்ணூறைக் கண்டாலே பழிப்புக் காட்டினார்கள். அந்த வகுப்பைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பொறாமைதான்.

முதலில் அவள், "இடக்கைப் பக்கம் இருக்கிறது பத்துகளின் வீடு" என்றுதான் சொல்லிக்கொடுத்தாள். அதில்தான் வினை வந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தேக்காவிலும் மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலும் இருந்து வருகிறவர்கள். இடக்கை என்றதும் ஒருவன், "பீச்சாங்கை!" என்று கத்தினான். நாற்பது பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு உருண்டு புரண்டார்கள். பத்துகளின் வீட்டுக்கு நாற்ற வீடு என்று பேராகிவிட்டது. கட்டைக் கொண்டுபோய் அதில் வைக்கச் சொன்னால் ஒருவரும் கிட்டப் போகவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்து, என் மாணவிகளையும் சிரிக்க வைத்தேன்.

அன்று பின்னேரம் அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். பெரிய அறிவாளி மாதிரி நான்தான் யோசனை சொன்னேன். "அந்தச் சொல்லை விடுங்கோ அக்கா. முதல் வீடு, அடுத்த வீடு எண்டு சொன்னாப் போதாதே? எது முதல் எண்டு பிள்ளையளுக்குத் தெரியாதே?"

"அதுவும் சரிதான்" என்றாள். அன்றோடு இடம், வலம் இரண்டும் அந்த வகுப்பிலிருந்து போயின.

அந்த வருஷம் பாலர் வகுப்பில் கதீஜா என்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்று சேர்ந்திருந்தது. அவளுடைய வாப்பா சேக் தாவூது நாகூர்க்காரர், எருமை ரோட்டில் கைலிக் கடை வைத்திருந்தார். முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளை மிஷன் பள்ளிக்கு வருவது அப்போது அபூர்வம். சேர்த்துவிட்ட அன்றே அவர் அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"சொந்தக்காரங்க பேசுறாங்க டீச்சரம்மா, பொம்பளப் புள்ளய வேதக்காரங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்னு. வருசப் பரீட்சையில இவ பாஸ் பண்ணிட்டா ஒரு ஆளும் வாயத் திறக்க முடியாது. பண்ணலைன்னா நான் வாயத் திறக்க முடியாது. வீட்டோட நிறுத்த வேண்டியதுதான்."

"பாஸ் பண்ண வைக்கிறது என்ரை பொறுப்பு" என்றாள் அக்கா. கேட்காமலே கொடுத்த வாக்கு அது.

கதீஜா ஈர்க்குக் கட்டுவதில் சூரி. மற்றவர்கள் எண்ணி முடிக்குமுன் பத்தைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஆனால் சிலேட்டில் எழுதச் சொன்னால் முப்பத்தாறுக்கு 63 என்று எழுதுவாள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் சரியாக எழுதுவாள். சுயமாக எழுதினால் மறுபடியும் 63. சின்னப் பிள்ளைகள் எண்ணைப் புரட்டிப் போடுவது புதிதல்ல. அக்கா பத்துத் தடவை பார்த்தெழுத வைத்தாள். பிறகு, "கவனமில்லை" என்றாள். அந்த ஒரு சொல்லோடு அவள் யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும்தான் என்ன செய்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆறவில்லை.

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் துரை வந்தார். பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக நிறுத்தி, அக்கா பத்து எண்கள் சொல்ல, அவர்கள் எழுதினார்கள். கதீஜாவுக்கு நாற்பத்து நாலும் எழுபத்தேழும் சரி. மற்ற எட்டும் பிழை. எண்பது என்பதற்கு அவள் 08 என்று எழுதியிருந்தாள். துரை அதைப் பார்த்துவிட்டுச் சிலேட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். துரை சிரித்தால் தலைமையாசிரியர் சிரிக்காமல் இருப்பாரா? எட்டிப் பார்த்த நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவமானத்தில் காது சிவந்து நின்றாள். அடுத்த பத்துப் பேருக்காகச் சிலேட்டை அழித்தாயிற்று.

சேக் தாவூது மறுநாள் வந்தார். "பிள்ளைக்குக் கவனம் காணாது. இன்னொரு வருஷம் இந்த வகுப்பிலேயே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

"வேணாம் டீச்சரம்மா, பேச்சுப் பேச்சாத்தான் இருக்கணும்" என்று சொல்லி, பிள்ளையின் பையை எடுத்துக்கொண்டார். கதீஜா அக்காவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஒரு மாதம் கழித்து, அவள் விட்டுப்போன சிலேட்டைக் கொடுக்க அக்கா புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. உம்மா ஆமினா பீவி எங்களை உள்ளே கூட்டிப்போனார். முற்றத்தில் கதீஜா கரித்துண்டால் இரண்டு வீடு கீறி, தன் தங்கை ரபியாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "பத்தாவது ஆளு வந்தாச்சு, கட்டு, கட்டு!" அக்காவின் குரலே தோற்றுவிடும். ஆனால் கட்டுகளெல்லாம் வலப்பக்கத்து வீட்டில் இருந்தன, உதிரிகள் இடப்பக்கம். பக்கத்தில் ஓதுகிற பலகை சாத்தியிருந்தது.

அக்கா அவள் பக்கத்திலேயே குனிந்து நின்றாள். "பிள்ளை, இதில முதல் வீடு எது?"

கதீஜா தயங்காமல் வலப்பக்கத்தைத் தொட்டாள்.

"ஏனம்மா அது முதல்?"

"ஓத ஆரம்பிக்கிற பக்கம்லா அது" என்றாள் அந்தப் பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அக்கா சேலை அழுக்காவதையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் எழுத்தென்றால் அரபெழுத்து. தமிழைக்கூட ஆமினா பீவி அரபெழுத்தில்தான் எழுதுவார். வலப்பக்கம் தொடங்குவதுதான் அந்தப் பிள்ளைக்கு முதல். வகுப்பில் தரையில் கீறின வீடுகளும் அவள் உட்கார்ந்த எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். பள்ளியில் அவள் இன்னும் தமிழைத் தனித்தனி எழுத்தாகத்தான் படித்திருந்தாள், வரி வாசிக்கும் இடத்துக்கு வரவில்லை. பத்து என்ன, ஒன்று என்ன என்பது அவளுக்கு வகுப்பில் யாரையும்விட நன்றாக விளங்கியிருந்தது. டீச்சர் முதல் வீடு என்று சொன்னாள், அவள் முதல் வீட்டில் எழுதினாள். பிழை எங்கள் சொல்லில்தான் இருந்தது. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அக்கா சிலேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "எண்ணில மட்டும் முதல் வீடு பீச்சாங்கைப் பக்கம். விளங்குதோ?" அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கதீஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே முப்பத்தாறை 36 என்று எழுதினாள்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைக்குப் போய், பிழை என்னுடையது, பிள்ளையை அனுப்புங்கள் என்று சேக் தாவூதிடம் சொல்ல வேண்டும். அவர் ஆட்களுக்குக் கைலி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சரம்மா, சிலேட்டக் குடுக்க வந்தீங்களா?"

"ஓம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான். தெருவுக்கு வந்துவிட்டாள்.

டிராம் மணியையும் மீறி நான் அவளோடு சண்டை பிடித்தேன். "அத்தனை பேருக்கு முன்னால எப்படியடி சொல்லுறது? அடுத்த கிழமை தனியக் கண்டு சொல்லுறன்" என்றாள். துரை சிரித்த சிரிப்பில் சிவந்த காது இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவளைப் பிடித்துத் திரும்பக் கடைக்குள் தள்ளியிருக்க வேண்டும்.

அவளுடைய அடுத்த கிழமை வரப் பதினோரு நாளாயிற்று. கடையில் அப்துல் கையூம் என்ற புது ஆள் இருந்தார். சேக் தாவூது கடையைக் கைமாற்றிவிட்டுக் குடும்பத்தோடு நாகப்பட்டினம் கப்பலேறி நாலு நாள் ஆகிறது என்றார். பிறகு, "நீங்கதான் டீச்சரா?" என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். கதீஜா கொடுத்துவிட்டுப் போனது. ஆமினா பீவி அரபெழுத்தில் எழுதியதை அவர் வாசித்துச் சொன்னார்: நாகூர், மரைக்காயர் சந்து. அதன் அடியில் குழந்தைக் கையெழுத்தில் கதவு நம்பர்: 27.

"நம்பர் புள்ள எழுதுனது. திருப்பிப் போட்டு எழுதுற புள்ளன்னு அவ வாப்பா சொன்னாரு. இருபத்தேழா எழுபத்திரண்டா, நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்க ஊர் மட்டுந்தான்."

அக்கா அந்தக் காகிதத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். "ஒருக்காச் சொன்னதுக்குப் பழக்கம் மாறுமே? ஆறு மாசம் புரட்டி எழுதின பிள்ளை" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதி, கதீஜா தேறிய பிள்ளை, எந்தப் பள்ளியிலும் மேல்வகுப்பில் சேர்க்கலாம் என்று கையெழுத்தும் போட்டு, 72ஆம் நம்பருக்கு அனுப்பினாள்.

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. அந்தச் சந்தில் மொத்தமே நாற்பது வீடுதான் என்று உறையில் எழுதியிருந்தது. அக்கா அதையே வேறு உறையில் போட்டு 27 என்று எழுதினாள்.

இந்தத் தடவை பதில் வந்தது. சேக் தாவூது மரியாதையாக எழுதியிருந்தார். ஊரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். டீச்சரம்மாவின் வார்த்தை ஒன்று இருந்தால் வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைக்கலாம் என்று நாலு மாதம் பொறுத்துப் பார்த்தாராம். கடிதம் வரவில்லை. இனி ஓதுவது மட்டும் போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், அதை இனி மாற்ற முடியாது. கடைசியில் ஒரு வரி: "நம்பரை டீச்சரம்மா சொன்ன பக்கத்திலிருந்துதான் எழுதினேன் என்று எழுதச் சொல்லி, கதீஜா பக்கத்தில் நிற்கிறாள்."

அக்கா கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"பிள்ளை ஒருக்காச் சொன்னதிலேயே படிச்சிட்டுது, பாக்கியம்" என்றாள். "நான்தான் ரெண்டாந்தரமும் அதை நம்பேல்லை."