மீன் மேல் போட்ட பழி

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்த நாளிலிருந்து என் கணவர் ரொட்டி சுடத் தொடங்கினார். ஓய்வு பெற்ற வாத்தியார், வீட்டில் வேறு வேலை இல்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் ஆட்டா மா குழைத்து இரண்டு ரொட்டி சுட்டு, சம்பலோடு என் முன்னால் வைப்பார். தின்று முடித்ததும், "எழும்பு, நடக்கப் போ" என்று துரத்துவார். சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் விடியக்காலையில் நடக்கிற பெண்களில் பாதிப் பேர் இப்படிச் சோற்றை விட்டு ரொட்டிக்கு மாறியவர்கள்தான்.

ஒரு மாதத்தில் நடக்கும்போது உடம்பெல்லாம் தடித்து ஊறல் எடுத்தது. பிறகு ஒருநாள் உதடு வீங்கி, மூச்சு முட்டி, வீதியோரத்து மணலிலேயே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் எழுப்பினார்கள். என் கணவர் வந்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ராவு கணவாய்க் கறி திண்டாய்தானே. அதான்."

அன்றோடு வீட்டில் கணவாய் இல்லை, இறால் இல்லை, சூரையும் இல்லை. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பருப்பும் பூசணிக்காயும் தின்றேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வார்ட்டில் படுத்திருந்த மூன்று நாளும் அங்கே தந்த கோதுமைப் பாண்தான் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, மீன் இல்லாட்டி சுகம்" என்றார்.

மீனை விட்ட பிறகும் வீதியில் விழுந்தேன். அப்போதாவது வாயை மூடினாரா? இந்த முறை பழி நடை மேல் விழுந்தது.

"ஒனக்கு நடையே ஒத்துவராது. மக்கா போற உம்றாக் கதைய உடு. ஸபா மர்வா மலைக்கு இடையில ஏழு தரம் நடக்கணும். அங்க உழுந்தா நான் என்ன செய்வன்?"

அதுதான் சுட்டது. எத்தனை வருடம் துஆக் கேட்ட பயணம்! பாஸ்போட்டும் எடுத்தாயிற்று.

விழுவதற்கு முன் என்ன தின்றேன் என்று கிளினிக்கில் இருந்த இளம் பெண் டொக்டர்தான் முதலில் கேட்டார். ரொட்டி என்றேன்.

"மீனா இருக்காது. கோதுமைய திண்டுட்டு சும்மா இருந்தா ஒண்டும் செய்யாது, திண்டுட்டு நடந்தாத்தான் சில பேருக்கு இப்பிடி வரும்" என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்.

இரத்தம் என்றால் வெறும் வயிறு என்று இவர் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் கூட்டிப்போனார். "இதுக்குப் பசியோட வரத் தேவல்ல ராத்தா" என்று லேப்காரர் சிரித்தார். பசியில் தலை சுற்றிய எனக்கு இருவரையும் அடிக்கலாம் போலிருந்தது.

றிப்போட் வந்தது. கோதுமைக்கு ஒன்றுமில்லையாம். இவருக்குப் பெருநாள்! மறுநாள் மூன்று ரொட்டி சுட்டு வைத்தார். நான் தொடவில்லை. டொக்டரிடம் போனால், "சில பேருக்கு இந்தச் சோதனையில தெரியாது. கோதுமைக்குள்ள ஒரு புரதம் இரிக்கி, அத மட்டும் தனியாப் பாக்கணும்" என்று மறுபடியும் குத்தி, இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ரொட்டியும் இல்லை, நடையும் இல்லை. இவரோடு ஒரே வீட்டில் இருந்ததுதான் பெரிய சோதனை.

கடைசியில் முடிவு வந்தது. அந்தப் புரதமேதான்.

"உம்றாவுக்குப் போகலாமா?" என்று டொக்டரிடம் நான் முந்திக்கொண்டேன்.

"ஓம், போகலாம். அங்க கோதுமை வாயில வைக்கப்படாது. நான் எழுதித் தாற ஊசி எப்பவும் கையில இரிக்கணும்."

அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து குசினிக்குள் போன இவரைக் காணவில்லை என்று பார்த்தால், மா வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் என்ட கையாலதானே தந்தன்" என்றார். "திண்டு முடிச்சதும் நானேதான் நடக்கவும் தொரத்தினன்."

இந்த நாளுக்கென்றே ஏச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதில் மா வாளியை மூடி அந்தப் பக்கம் தள்ளிவைத்தேன்.

"எழும்புங்க" என்றேன். "நாளையிலிருந்து கோதுமைய உட்டுட்டு குரக்கன் மாவுல சுடுங்க. இப்ப போய் எனக்குக் கணவாய் வாங்கிட்டு வாங்க."