பூசையில் வைத்த துவக்கு

என் கணவர் ஒரு சோடிச் செருப்பு வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவர். துவக்கு வாங்கப் போனால் என்ன பாடு படுத்துவார் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். மெல்பேர்ண் நகரத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அவர் ஒவ்வொரு துவக்காக எடுத்துத் தோளில் வைத்து, கண்ணைச் சுருக்கி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணுக்கு வெளியே வெரிபீயில் வாடகை வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் இத்தாலியக் கிழவரின் பூக்கோவாத் தோட்டம். முயல்கள் வந்து குருத்தைக் கடித்துவிட்டுப் போய்விடும். கிழவருக்குக் கண் மங்கல். சுட்டுத் தருவாயா என்று இவரைக் கேட்டார். வெடிமருந்துத் துவக்கு என்றால் பிள்ளை திடுக்கிடும் என்று நான் மறுத்தேன். அப்படியென்றால் காற்றில் சுடுகிற துவக்கு, ஸ்பிரிங்கில் வேலை செய்வது, சத்தமே இல்லை என்று இவர் பிடித்துக்கொண்டார். முயல் கறி என்றதும் எனக்கும் வாயூறியது. பொய் சொல்வானேன்?

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்.

"சுடுறதெண்டால் ஒரே வெடியில போகவேணும். கிடந்து துடிக்கக்கூடாது. பிள்ளைப்பெத்த வீடு இது."

அவர் சட்டென்று மகளின் தலையில் கையை வைத்தார். "பிள்ளையாணைச் சொல்லுறன், துடிக்க விடமாட்டன்."

எங்கள் ஆட்களின் இந்தப் பழக்கத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்கெடுத்தாலும் பிள்ளையின் தலைதான் கிடைக்கும். கையைத் தட்டிவிட்டேன். என்றாலும் சொல் வாயை விட்டுப் போய்விட்டது.

அதனால்தான் கடையில் அவ்வளவு நேரம். விலை குறைந்தது, பாரம் குறைந்தது எதுவும் அவருக்கு வேண்டாம். எது உடனே கொல்லும் என்பதே அவருடைய ஒரே கேள்வி. மெல்லிய துவக்கைக் கடைக்காரர் காட்டியபோது, இது தகரப்பேணிக்குத்தான் சரி என்று தள்ளிவிட்டார். கடைசியில் கனமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பெரிய குண்டு போகிற குழல். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். அதை மடக்க அவருக்கே மூச்சு வாங்கியது. கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். இதை இறுக்கிப் பிடிக்காதே, இடதுகையை விரித்து உள்ளங்கையில் கிடக்க விடு, இறுக்கினால் குறி தவறும். மற்றது, ஸ்பிரிங்கை இறுக்கியபடி வைத்துவிட்டுப் போகாதே, அது இளகிவிடும். பொறியியல் படித்த இவர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

அடுத்த நாட்களில் பின்வளவில் பேணிகளைச் சுட்டுப் பழகினார். பேணி இரண்டு பக்கமும் ஓட்டையாகிப் பறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். எனக்கும் நிம்மதி.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. அப்போது மெல்பேர்ணில் எங்களுக்குக் கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. குசினிக்குப் பக்கத்து அலுமாரித் தட்டில் சரஸ்வதி படத்தை வைத்து, அவருடைய புத்தகங்களையும் என் தையல் கத்தரிக்கோலையும் அடுக்கினேன். அவர் பின்வளவில் துவக்கோடு நின்றவர், விளக்கேற்றக் கூப்பிட்டதும் அப்படியே வந்தார். கையைக் கழுவி, துவக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களுக்குப் பக்கத்தில் சாத்தினார். கும்பிட்டு எழும்பிய பிறகுதான் நினைவு வந்தது போலும், முகம் மாறியது.

"குழலை மடக்கி இழுத்தபடி வைச்சிட்டன்," என்றார். "குண்டு போடேல்ல. பயமில்லை. ஸ்பிரிங்தான் இறுகிக் கிடக்கு."

"எடுத்துத் தளர்த்திப்போட்டு வையுங்கோவன்."

"நீர் சும்மா இரும். பூசையில வைச்சதை இடையில எடுக்கிறதே?"

"சரஸ்வதி கோவிக்கமாட்டா. எடுங்கோ."

அவர் எடுக்கவில்லை. கந்தோர் வேலையில் ஆயிரம் இயந்திரங்களை மேய்க்கிற மனுஷன், விஜயதசமி வரும்வரைக்கும் அந்தத் துவக்கைத் தொடவே இல்லை. விஜயதசமி காலையில் பூவை ஒதுக்கி எடுத்து, பூசையில் வைத்ததைக்கொண்டு அன்றைக்குத் தொழில் தொடங்கவேண்டுமே என்று கிட்ட நின்று ஒரு பேணியைச் சுட்டார். பேணி விழுந்தது. சத்தம் முன்னையதைவிட மெதுவாக இருந்தது. "பிள்ளை நித்திரையெண்டு சாமியே சத்தத்தைக் குறைச்சுப் போட்டுது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். விழுந்த பேணியை இருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் முயல் வந்தது. வெங்காயம் அரிந்துகொண்டு குசினி யன்னலால் பார்த்தேன். அவர் வேலியோரம் குப்புறப் படுத்திருந்தார். துவக்கு அவருடைய விரித்த கையில் கிடந்தது. சுட்டார்.

முயலுக்குக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. வாயில்லாச் சீவன் என்றே நினைத்திருந்தேன். அது வீரிட்டது. பிள்ளைதான் என்று நான் தொட்டிலுக்கு ஓடினேன். மகள் ஆழ்ந்த நித்திரையில் இருந்தாள். ஆனால் என் உடம்பு அதை நம்பவில்லை. பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. வெளியே அந்தக் குரல் நிற்கவில்லை. நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் இல்லை.

திரும்ப யன்னலுக்கு வந்தபோது, அவர் திரும்பச் சுடுவதற்காகப் புல்லில் சிந்திய குண்டுகளைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தேடுவதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முயலின் கழுத்தைப் பிடித்துத் திருகினார். குரல் நின்றது.

வெளிக் குழாயில் அவர் கை கழுவிக்கொண்டே நின்றார். முயலை இத்தாலியக் கிழவர் கொண்டு போனார். "ஸ்பிரிங் இளகிப் போச்சு," என்று மட்டும் இவர் என்னிடம் சொன்னார். சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து அவர் மகளைத் தூக்கவில்லை. அவள் அழுதால் வளவுக்குப் போய் நிற்பார். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். "முயலுக்கும் பிள்ளைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நான் கத்தியிருக்கிறேன். அப்படிக் கத்திவிட்டு, உப்பும் செத்தல் மிளகாயும் அவள் தலையைச் சுற்றிக் கொண்டுபோய் மின் அடுப்பில் வைத்துக் கருக்கியதும் நான்தான். அந்தக் குரல் எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேத்தில் கொதித்துக் கூவினாலும் பிள்ளையிடம் ஓடுவேன்.

மகளுக்கு மூன்று வயதில் ஏடு தொடக்கினோம். விஜயதசமி காலை. தட்டில் அரிசி பரப்பினேன். ஐயர் இல்லாத ஊரில் தகப்பன்தான் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். "நீரே பிடியும்," என்றார். நான் விடவில்லை. இதையும் நானே செய்வதென்றால் நீங்கள் எதற்கு என்று ஏசி, அவரைச் சப்பாணி கட்டி இருக்கவைத்தேன்.

அவர் கையை விரித்து நீட்டினார். மகள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அவர் விரல்களை மடக்கவே இல்லை. உள்ளங்கையில் அவள் கை கிடக்க, அரிசிக்குமேல் மெல்ல நகர்த்தினார். ‘அ’ ஒரு பக்கம் சரிந்துகொண்டு போனது.

"இறுக்கிப் பிடியுங்கோ," என்றேன். "எழுத்து கோணுது."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இறுக்கினால் கத்துவாள்," என்றார்.