சீட் கொடுத்த அக்கா

மாலை ஹார்பர் லைன் புறநகர் ரயிலில், லேடீஸ் பெட்டியில் அந்த அக்காவைத் தினமும் பார்ப்பேன். ஒல்லியான உடம்பு, வெடித்த குதிகால். சீட் கிடைத்ததும் மடியில் பீன்ஸைக் கொட்டி நார் உரிக்கத் தொடங்கிவிடுவார்.

கலை வரலாற்றுப் பரீட்சைக்கு முந்தைய நாள், கனத்த புத்தகத்தோடு நின்ற என்னைத் தன் இடத்தில் உட்காரவைத்தார். "நின்னுக்கிட்டே எப்படிம்மா படிப்ப?"

சிலைகளின் நூற்றாண்டுகளை மனப்பாடம் செய்தபடி பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"இரும்மா, இன்னும் பாத்து முடிக்கல" என்றார், பக்கத்தில் நின்றபடி. தூணில் சாய்ந்திருக்கும் ஒரு பெண் சிலையின் படம் அது. "இவளும் நாளெல்லாம் நிக்கா போல. பாரத்த ஒத்தக் கால்ல போட்டிருக்கா பாரு."

அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன்.

மறுநாள் அந்தச் சிலையே கேள்வியாக வந்தது. நூற்றாண்டு மறந்துபோனது, அந்த ஒற்றைக் காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

அக்கா நாளெல்லாம் எங்கே நின்று வேலை செய்பவரோ, தெரியாது. கிடைத்த ஒரு சீட்டையும் அன்று எனக்குத் தந்துவிட்டு, செம்பூர் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வந்தார்.