உந்தக் காப்பு

கொடிகாமச் சந்தையில் உதயகலாவின் கத்தரிக்காய்க்கு எப்போதும் ஆள் இருக்கும். விடியமுன் எழுந்து அவளே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவாள். பம்பைப் போட்டதும் தண்ணீர் முன்னே பாய, குழாய் பின்னுக்கு உதைக்கும். காலால் மிதித்துப் பிடிப்பாள்.

இடக்கையில் ஒற்றைத் தங்கக் காப்பு. கணவன் சிவரூபன் முதல் விளைச்சலில் வாங்கிப் போட்டது. அவன் காய்ச்சலில் போய் நாலு வருடம். "இனி உனக்கேன் காப்பு?" என்று சொந்தபந்தம் மாறி மாறிக் கேட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அன்று அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். விறாந்தையில் மகள் டிலக்ஷி, உயர்தர வகுப்பில் பௌதிகம் படிப்பவள், கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள்.

"உந்தக் காப்பு... உந்தக் காப்பு..."

எங்கள் ஊரில் 'உந்த' என்றால் எதிரே இருப்பவரிடம் உள்ளதைச் சுட்டுவது. காப்பு என்றால் வளையல். உதயகலா தன் இடக்கையைப் பார்த்தாள். வருகிற கிழமை பள்ளிக்கூடத்தில் வாணிவிழா, பெட்டையள் எல்லாம் சேலை கட்டுவார்கள். வாய் திறந்து ஒன்றும் கேட்டறியாத பிள்ளை, பாவம், தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறது.

கிணற்றடிக்குப் போய்க் கையில் நுரைக்கச் சவர்க்காரம் போட்டாள். காப்பு லேசில் கழன்று வருமா? தோல் உரிந்தது. கண்ணீர் வந்தது காப்புக்காகவா கைக்காகவா என்று அவளுக்கே தெரியாது. கொண்டுவந்து மகளின் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"இந்தா பிள்ளை. நீயே போடு."

டிலக்ஷி காப்பைப் பார்த்தாள், வீங்கிச் சிவந்த கையைப் பார்த்தாள்.

"ஐயோ அம்மா, நான் உங்கடை காப்பையே கேட்டனான்? இது உந்தக் காப்பு விதி. உந்தம் எண்டால் ஓடுற பொருளின்ரை வேகமும் திணிவும் சேர்ந்தது. வெளியாலை ஒண்டும் தள்ளாட்டி அது அழியாது, அதுதான் காப்பு. ஒண்டு இழக்கிறதை மற்றது வாங்கும், மொத்தம் மாறாது."

"அப்ப தண்ணி முன்னுக்குப் பாய, குழாய் பின்னுக்கு உதைக்கிறது?"

"ஓம் அம்மா, அதுவும் உதுதான்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே டிலக்ஷி அழுதாள். தாயின் கையைப் பிடித்துக் காப்பைத் திரும்பப் போடப் பார்த்தாள். வீங்கிய கையில் அது ஏறவில்லை.

உதயகலா காப்பை வாங்கி மகளின் கையில் போட்டாள். தொளதொளவென்று முழங்கை வரை ஏறியது.

"கிடக்கட்டும். என்ரை கையிலை குறைஞ்சது உன்ரை கையிலை கூடியிருக்கு. அப்பா தந்த மொத்தம் மாறேல்லைத்தானே?"